வணிகர் சங்கம்: உள்ளிருந்து திருத்துவதா, போட்டிச் சங்கம் தொடங்குவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைத்தெரு வணிகர் சங்கங்களில் நிர்வாகத்தோடு மோதல் வரும்போது எழும் கேள்விகள் இங்கே உள்ளன. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கங்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. நகர்ப்புற வணிகர் சங்கங்கள் பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன.

சங்கம் எங்களுக்கு எதுவும் செய்வதில்லை. பேசாமல் புதுச் சங்கம் தொடங்கிவிடலாமா?

அதற்கு முன் உங்கள் குறை எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். பதவியில் இருக்கும் ஆட்கள்மீது குறை என்றால் தேர்தலில் தீரும். பைலாமீது, அதாவது சங்கத்தின் பதிவான விதிகள்மீது, குறை என்றால், உதாரணமாகப் புது உறுப்பினரைச் சேர்ப்பதும் மறுப்பதும் தலைவர் ஒருவர் கையில் இருக்கிறது என்றால், சிறப்புத் தீர்மானத்தில் தீரும். மூன்றாவது வகை நலன் முரண்பாடு. நகராட்சிக் கடையில் வாடகைக்கு இருப்பவரும் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்து மாடியை வாடகைக்கு விட்டிருப்பவரும் ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள். வாடகை உயர்வை எதிர்த்துப் போராடும் வேகம் இரண்டாமவருக்கு எங்கிருந்து வரும்? மொத்த வியாபாரிக்கும் சில்லறைக் கடைக்காரருக்கும் இடையிலும் இதே கதைதான். இதை எந்தத் தேர்தலும் தீர்க்காது.

முதல் இரண்டு வகைக் குறைகளுக்காகப் புதுச் சங்கம் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் அதே குறைகளோடு நிற்கிறார்கள். ஆட்கள் மாறியிருப்பார்கள். பைலா மட்டும் பழையதைப் பார்த்து நகலெடுத்ததாக இருக்கும். ஒரு பொதுக்குழு, ஒரு தேர்தல் என ஒரு முழுச் சுற்று உள்ளே முயன்று பார்த்த பிறகே வெளியே போவதைப் பற்றி யோசிக்கலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

முதலில் எந்தக் காகிதங்கள் வேண்டும்?

நான்கு. திருத்தங்கள் எல்லாம் சேர்ந்த, பதிவான பைலா. பதிவாளரிடம் கடைசி மூன்று ஆண்டுகளுக்குத் தாக்கல் செய்த வரவு செலவுக் கணக்கும் ஐந்தொகையும் (பேலன்ஸ் ஷீட்). நிர்வாகக் குழு மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7, கடைசியாகத் தாக்கலானது. உறுப்பினர் பட்டியல்.

இவற்றைச் சங்கச் செயலாளரிடம் கேட்டு அலைய வேண்டாம். சங்கம் பதிவான மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து, கட்டணம் கட்டினால் சான்றிட்ட நகல் கிடைக்கும். பதிவு எண் சங்கத்தின் லெட்டர் பேடிலேயே இருக்கும், “123/1987” என்பது போல.

நகல் வந்ததும் முதலில் தேதிகளைப் பாருங்கள். சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. மீண்டும் தேர்வாகலாம், ஆனால் மீண்டும் தேர்வு நடந்திருக்க வேண்டும். கடைசிப் படிவம் 7 ஆறேழு ஆண்டுகளுக்கு முந்தையது என்றால், இன்றைய நிர்வாகிகளின் பதவியே கேள்விக்குரியது. மேடையில் ஏறி ஒரு மணி நேரம் பேசுவதைவிட அந்த ஒற்றைத் தாளுக்கு வலு அதிகம். கணக்குத் தாக்கல் ஆகாமல் விட்டுப்போன ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் எத்தனை பேர் இருந்தால் உள்ளே முயலலாம்?

340 உறுப்பினர் உள்ள ஒரு சங்கத்தை வைத்துக் கணக்கிடுவோம்.

சங்கத்தின் அமைப்பு, செயல்பாடு, நிதிநிலை பற்றி விசாரிக்கும்படி 36-ஆம் பிரிவின் கீழ் பதிவாளரிடம் மனுக் கொடுக்க, மொத்த உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட வேண்டும். அதாவது 114 பேர். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை உங்கள் பக்கம் என்றால் அவர்கள் கையெழுத்தே போதும். பதிவாளர் தாமாகவும் விசாரிக்கலாம் என்றாலும் அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். இதற்குக் கூட்டத்துக்கு வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு தேவை. மொத்த உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு என்று பலர் தவறாக நினைத்து, 255 பேருக்கு எங்கே போவது என்று முயற்சியையே கைவிடுகிறார்கள். பொதுக்குழுவுக்கு 120 பேர் வந்து எல்லாரும் வாக்களித்தால் 90 வாக்கு போதும். எதிர்த்தரப்புக்கு அதே 120-இல் 31 வாக்கு இருந்தாலே தீர்மானம் விழுந்துவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தேர்தலில் வெல்லச் சாதாரணப் பெரும்பான்மை போதும். எனவே வரிசை இதுதான்: முதலில் தேர்தல், பிறகு பைலா. பைலாவை முதலில் திருத்தப் போய் 31 பேரிடம் தோற்று, அந்தச் சோர்வில் கலைந்த அணிகள் பல.

சிறப்புப் பொதுக்குழு கூட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கினோம், செல்லாது என்றார்கள். ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் கையெழுத்திட்டிருப்பார்கள். அல்லது உறுப்பினர் அப்பாவாக இருக்க, கடையில் உட்கார்ந்திருக்கும் மகன் கையெழுத்திட்டிருப்பார். அல்லது கோரிக்கை என்ன என்று தலைப்பில் எழுதாமல் வெறும் தாளில் பெயரும் கையெழுத்தும் மட்டும் வாங்கியிருப்பார்கள்.

சரியான முறை இது. ஒவ்வொரு தாளின் மேல்பகுதியிலும் கோரிக்கை முழுதாக அச்சாகி இருக்க வேண்டும்: எந்த விதியின்படி கேட்கிறோம், கூட்டத்தில் என்னென்ன பொருள்கள் எடுக்கப்பட வேண்டும் என்பது வரை. கீழே வரிசை எண், உறுப்பினர் எண், பெயர், கடைப் பெயர், கடைசிச் சந்தா ரசீது எண், தேதி, கையெழுத்து என ஏழு கட்டங்கள். ரசீது எண்ணுக்கான கட்டத்தை விட்டுவிடாதீர்கள். பாக்கி உள்ளவர்கள் கையெழுத்திடும் முன்பே பாக்கியைக் கட்டி ரசீது வாங்கிவிட வேண்டும். வாங்க மறுத்தால் சங்க வங்கிக் கணக்குக்கு அனுப்பி, அனுப்பிய விவரத்தைக் கடிதத்தில் தெரிவிக்கலாம். எத்தனை பேர் கையெழுத்து தேவை என்பது உங்கள் பைலாவில் இருக்கும். அதைவிடக் குறைந்தது 20 கையெழுத்து கூடுதலாக வாங்குங்கள், நாலு பேர் பின்வாங்குவது எப்போதும் நடக்கும்.

கோரிக்கையைத் தலைவர், செயலாளர், சங்க அலுவலகம் மூன்று முகவரிக்கும் ஒப்புகை அட்டையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டோம் என்பது பைலாவில் இடம் இல்லாதவரை நோட்டீஸ் ஆகாது.

சிறப்புத் தீர்மானம் கொண்டுவரும் கூட்டத்துக்கு 21 நாள் அறிவிப்பு வேண்டும். தீர்மானத்தின் வாசகமும் அதில் இருக்க வேண்டும். அனுப்பிய நாளையும் கூட்ட நாளையும் சேர்த்து 21 என்று எண்ணி மாட்டிக்கொள்ளாமல், 26 நாள் இடைவெளி விட்டுவிடுங்கள்.

பொதுக்குழுவில் எதைக் கவனிக்க வேண்டும்?

மினிட் புக்கை, அதாவது கூட்ட நடவடிக்கைகளை எழுதும் பதிவேட்டை. கூட்டம் தொடங்கும்போது வருகைக்குக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் பக்கத்தில் மேலே பாதி காலியாகவும் கையெழுத்துகள் கீழ்ப்பாதியில் இருந்து தொடங்கியும் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் காலி இடத்தில் மறுநாள் எந்தத் தீர்மானத்தையும் எழுதிக்கொள்ளலாம், நூறு பேர் ஒப்புக்கொண்டது போலவே இருக்கும். பின்னாளில் நீதிமன்றத்தில் அது உங்கள் கையெழுத்து இல்லை என்று சொல்ல முடியாது.

கேட்க வேண்டியது எளிமையானது. பக்கத்தின் முதல் வரியில் கூட்டத்தின் தேதி, இடம், வருகைப் பதிவு என்று எழுதிவிட்டு அதற்கு நேர்கீழே கையெழுத்து தொடங்க வேண்டும். கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு இழுத்து, மொத்தம் இத்தனை பேர் என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதித் தலைவர் கையெழுத்திட வேண்டும். அந்தப் பக்கத்தை அங்கேயே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய தீர்மானங்களைக் கூட்டம் கலையும் முன் வாசிக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பு இருந்தால் “எதிர்த்து வாக்களித்தவர்கள்” என்று எண்ணிக்கையோடு பதிவாக வேண்டும். “ஏகமனதாக” என்ற சொல்லை எழுத விட்டுவிட்டால் அதை அழிப்பது பெரும்பாடு.

பதிவாளரிடம் புகார் கொடுத்தால் நிர்வாகத்தை மாற்றுவாரா?

மாற்ற மாட்டார். விசாரித்து அறிக்கை தருவார், குறைகளைச் சரிசெய்யச் சொல்வார். இரண்டு தரப்பும் தாங்களே நிர்வாகிகள் என்று தனித்தனியாகப் படிவம் 7 கொடுத்தால், யார் உண்மையான நிர்வாகி என்ற தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத்தில்தான் கிடைக்கும். பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்காத சங்கத்துக்கு அரசு 34-ஏ பிரிவின் கீழ் தனி அலுவலரை நியமிக்கலாம். அது கடைசி மருந்து.

கால அளவைப் பற்றி மயக்கம் வேண்டாம். தென்னிந்திய நடிகர் சங்கத்துக்கு 2019 ஜூன் 23 அன்று தேர்தல் நடந்தது. வழக்குகள் முடிந்து அந்த வாக்குகள் எண்ணப்பட்டது 2022 மார்ச் 20 அன்று. ஏறக்குறைய ஒரு முழுப் பதவிக்காலமே வாக்குப்பெட்டிக்குள் கழிந்தது. அதே சங்கத்தில் 2015-இல் சங்க நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிரச்சினையை மையமாக வைத்து எதிரணி தேர்தலில் நேராக வென்று நிர்வாகத்தைப் பிடித்தது. ஒரே சங்கம்தான். உறுப்பினர் மனத்தில் நிற்கும் ஒரே ஒரு பிரச்சினையோடு தேர்தலுக்குப் போனது வேகமாக முடிந்தது, வழக்கோடு பின்னியது இழுத்தது.

வெறுத்துப்போய் ராஜினாமா செய்துவிட்டோம். இனி என்ன?

இதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. ராஜினாமா செய்தவருக்கு வாக்கு இல்லை, கணக்குக் கேட்கும் உரிமை இல்லை, 36-ஆம் பிரிவு மனுவில் அவர் கையெழுத்தும் எண்ணப்படாது. கட்டிய சேர்க்கைக் கட்டணமும் திரும்பாது. சங்கக் கட்டடத்திலோ கல்யாண மண்டபத்திலோ தனிப் பங்கு என்று எதுவும் கிடையாது, சொத்து முழுவதும் சங்கத்துடையது. 40 பேர் ஒரே நாளில் ஊர்வலமாகப் போய் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் நிர்வாகத்துக்கு அதைவிட நிம்மதி வேறில்லை.

கடிதம் கொடுத்திருந்தாலும், நிர்வாகக் குழு அதை ஏற்றுத் தீர்மானம் போடுவதற்கு முன் திரும்பப் பெறப் பைலாவில் இடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் எழுத்தில் திரும்பப் பெறுங்கள். சந்தாவை விடாமல் கட்டுங்கள்.

நிர்வாகமே உங்களை நீக்கினால் கதை வேறு. குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் நீக்கியது நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

அப்படியானால் புதுச் சங்கம் எப்போதுதான் சரி?

நலன் முரண்பாடு உண்மையாக இருக்கும்போது. நிர்வாகம் தன் உறவினர்களையும் கடையே இல்லாதவர்களையும் உறுப்பினராகச் சேர்த்துப் பட்டியலை நிரப்பிவிட்டு, உண்மையான கடைக்காரர்களைச் சேர்க்க மறுக்கும்போது. பட்டியல் கெட்டுவிட்டால் தேர்தலுக்கு அர்த்தமே இல்லை. சங்கம் ஒரு கட்சியின் கிளையாகவே மாறி, கடைக்காரர் பிரச்சினை பொதுக்குழுவின் பொருளிலேயே வராமல் போகும்போதும்.

இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது. நகைக்கடை, மருந்துக்கடை, உணவகம், பாத்திரக்கடை எனத் தொழில்வாரியாகவோ ஒரு தெருவுக்கென்றோ ஒரு சங்கம் தொடங்குவது. அது ஊர்ப் பொதுச் சங்கத்துக்குப் போட்டி ஆகாது. உறுப்பினர் இரண்டிலும் இருக்கலாம், பைலா தடுக்காதவரை. நகராட்சி வாடகை போன்ற ஒரே ஒரு பிரச்சினைக்கு என்றால் சங்கமே வேண்டாம், கூட்டு நடவடிக்கைக் குழு போதும்.

பதிவு செய்வது எப்படி? எங்கே தடங்கும்?

குறைந்தது 7 பேர். சங்கத்தின் பெயரையும் நோக்கத்தையும் சொல்லும் அமைப்புக் குறிப்பு, பைலா, 7 பேரின் அடையாள, முகவரிச் சான்று, அலுவலகம் அமையும் கட்டடத்தின் உரிமையாளர் சம்மதக் கடிதம். நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர். விண்ணப்பம் பதிவுத் துறை இணையதளம் வழியாக.

பெரும்பாலும் தடங்குவது பெயரில்தான். பழைய சங்கத்தின் பெயரோடு ஒத்தோ மிக நெருங்கியோ இருந்தால் பதிவு கிடைக்காது. “வணிகர் சங்கம்” இருக்கும் ஊரில் “அனைத்து வணிகர் சங்கம்” என்று கொடுத்தால் ஆட்சேபம் வர வாய்ப்பு மிக அதிகம். உங்களைத் தனித்துக் காட்டும் சொல்லைப் பெயரில் வையுங்கள்: தெருப் பெயர், தொழில், “நகராட்சிக் கடை வாடகைதாரர்” போன்றவை. இரண்டு மாற்றுப் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

பைலாவைக் கடையில் விற்கும் மாதிரிப் படிவத்தில் இருந்து எடுக்காதீர்கள். பழைய சங்கத்தில் எது உங்களை வதைத்ததோ அதற்கு நேரான விதி புதியதில் இருக்க வேண்டும். உறுப்பினர் விண்ணப்பத்துக்கு 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும், இல்லையேல் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கக்கூடாது. தேர்தலுக்கு 60 நாள் முன் வாக்காளர் பட்டியல் ஒட்டப்பட வேண்டும், அதற்குப் பிறகு சேர்ந்தவருக்கு அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. காசோலையில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து, அதில் ஒன்று கட்டாயம் பொருளாளருடையது.

செலவு தாங்குமா?

80 பேர், மாதம் 100 ரூபாய் சந்தா என்றால் எல்லாரும் ஒழுங்காகக் கட்டினால் 8,000 ரூபாய். ஒரு சிறு அறை வாடகை 4,000, பகுதிநேர எழுத்தர் 5,000 என்று வைத்தாலே மாதம் 1,000 துண்டு விழுகிறது. ஆடிட்டர், நோட்டீஸ் அச்சு, பொதுக்குழுச் சாப்பாடு இன்னும் வரவில்லை. பழைய சங்கத்துக்குச் சொந்தக் கட்டடமும் கீழ்த்தளக் கடை வாடகையும் இருக்கலாம். உங்களுக்கு அது இல்லை. துண்டு விழும் தொகையை வசதியான ஒரு கடைக்காரர் தாமாகவே ஏற்பார், அந்த நல்ல மனத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டு தலைவர் பதவி இயல்பாகவே அவருடையதாகிவிடும்.

ஆகவே முதல் இரண்டு ஆண்டு அறை, எழுத்தர் இரண்டும் வேண்டாம். பதிவு அலுவலகம் ஒரு உறுப்பினரின் கடை மாடியாக இருக்கட்டும். சந்தாவை மாதம் மாதம் வசூலிக்காமல் ஆண்டுக்கு 1,200 ரூபாயாக ஏப்ரலில் வங்கிக் கணக்கில் வாங்குங்கள். ரொக்கம் வாங்கினால் எண்ணிட்ட ரசீது, அடிக்கட்டை பொருளாளரிடம். தொடங்கும் முன்பே 60 பேரிடம் ஓராண்டுச் சந்தா கைக்கு வந்திருக்க வேண்டும். “நீங்க ஆரம்பிங்க, நாங்க பின்னாடி வர்றோம்” என்ற வாக்குறுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மரண உதவித் தொகைத் திட்டத்தை முதல் ஆண்டிலேயே அறிவித்துவிடாதீர்கள். 80 பேர் கொண்ட நிதியில் ஒரே ஆண்டில் மூன்று இழப்பு வந்தால் சங்கமே முடிந்துவிடும். தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தின் உறுப்பினர் பதிவு வணிகர் பெயரில் தனியாக நடப்பது. முதலில் எல்லாரையும் அதில் பதிய வையுங்கள்.

புதுச் சங்கத்தில் சேர்ந்தவர்களுக்குச் சரக்கு கொடுக்காதே என்று பழைய சங்கம் மொத்த வியாபாரிகளிடம் சொல்கிறது. என்ன செய்யலாம்?

2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு வணிகர் சங்கங்களின் முடிவுகளுக்கும் பொருந்தும். சங்கத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் நிறுவனங்கள் விநியோகஸ்தரை நியமிக்கக் கூடாது என்ற நடைமுறைக்காக, மருந்து வணிகர்களின் அகில இந்திய அமைப்புக்கே இந்தியப் போட்டி ஆணையம் 2013-இல் அபராதம் விதித்தது. நிர்வாகிகள் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பேற்க நேரலாம்.

வாய்மொழி மிரட்டலை வைத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போக முடியாது. சுற்றறிக்கை, குறுஞ்செய்தி, மறுக்கப்பட்ட ஆர்டரின் தேதி, அதற்கு முன் மாதாமாதம் வாங்கிய பில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பல ஊர்களில் வழக்கறிஞர் நோட்டீஸோடு இது நின்றுவிடும். இதே சட்டம் உங்களுக்கும் பொருந்தும். புதுச் சங்கம் “இந்த விலைக்குக் குறைவாக விற்கக்கூடாது” என்று தீர்மானம் போட்டால் நீங்களும் மாட்டுவீர்கள்.

அதிகாரிகள் எங்களை மதிப்பார்களா?

ஊருக்கு ஒரு சங்கத்துக்குத்தான் அங்கீகாரம் என்று இந்தப் பதிவுச் சட்டத்தில் எங்கும் இல்லை. நகராட்சி ஆணையருக்கும் காவல் ஆய்வாளருக்கும் தேவை, பேசியதை நிறைவேற்றக்கூடிய ஆட்கள். எடைக்கல் முத்திரை முகாம், உணவுப் பாதுகாப்பு உரிமம் புதுப்பிப்பு முகாம் என இரண்டை ஒழுங்காக நடத்திக் காட்டினால் அழைப்பு தானாக வரும். தெரு வியாபாரிகள் சட்டம், 2014-இன் கீழ் அமையும் நகர விற்பனைக் குழுவில் வணிகர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. அந்த இடத்தைக் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள்.

இழப்பும் இருக்கிறது. மாநில அளவில் பேரமைப்பு, பேரவை என இரண்டு வணிகர் அமைப்புகள் மே 5 வணிகர் தினத்தைத் தனித்தனியாகக் கொண்டாடி வந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஊரில் கடையடைப்பு என்று ஒரு சங்கம் அறிவித்து, மறு சங்கத்தார் கடையைத் திறந்தால் அன்றோடு இருவருடைய பேரம்பேசும் வலுவும் போயிற்று. எனவே கடையடைப்பு, வாடகை, போக்குவரத்து மாற்றம் மூன்றிலும் கலந்து பேசியே அறிவிப்பது என்று பழைய சங்கத்தோடு முதல் மாதத்திலேயே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள முயலுங்கள். மற்ற எதிலும் போட்டி போடலாம்.

உள்ளேயே தேர்தலில் வென்றுவிட்டோம். முதலில் எதைச் செய்வது?

படிவம் 7-ஐ உடனே தாக்கல் செய்யுங்கள், மூன்று மாதக் கெடுவின் கடைசி நாள்வரை இழுக்க வேண்டாம். வங்கியில் கையெழுத்து மாற்றத் தீர்மான நகலோடு அதன் நகலையும் கேட்பார்கள். பழைய நிர்வாகிகளிடம் இருந்து பொறுப்பை வாங்கும்போது ஒவ்வொரு பொருளையும் எழுதி வாங்குங்கள்: மினிட் புக் எத்தனை, கடைசியாக எழுதிய பக்க எண் என்ன, பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்கள் எந்த எண்ணில் இருந்து எந்த எண் வரை, கட்டடப் பத்திரத்தின் அசல், வாடகைதாரர் டெபாசிட் தொகை, ரப்பர் ஸ்டாம்பு. பயன்படுத்தாத ரசீதுப் புத்தகம் ஒன்று வெளியே தங்கிவிட்டால் அடுத்த தேர்தலில் பழைய தேதியிட்ட சந்தா ரசீதோடு புது உறுப்பினர்கள் முளைப்பார்கள்.

பிறகு வென்ற உற்சாகம் ஆறும் முன், ஆறு மாதத்துக்குள் பைலா திருத்தத்தைக் கொண்டுவாருங்கள். உங்களுடைய பதவிக்காலத்துக்கே வரம்பு வைக்கும் திருத்தம் அதில் முதலில் இருக்கட்டும். அதைத் தள்ளிப்போட்ட அணிகள் இரண்டாம் தேர்தலில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பதிவாளரிடம் தாக்கலாகிப் பதிவான பிறகே திருத்தம் நடைமுறைக்கு வரும் என்பதால், தீர்மானத்தோடு வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம்.

பிறகு இரண்டு சங்கமும் ஒன்றுசேர முடியுமா?

முடியும். இரண்டு தரப்புப் பொதுக்குழுவும் சிறப்புத் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் போக வேண்டும். பேச்சுவார்த்தை பெரும்பாலும் தலைவர் பதவியில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதைக் கடைசிக்குத் தள்ளி, முதல் கூட்டத்தில் உறுப்பினர் பட்டியல்களை அருகருகே வைத்து இரண்டிலும் உள்ள பெயர்களை அடையாளம் இடுங்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டு ஐந்தொகைகள், கடன்கள், மரண உதவிப் பொறுப்புகள். பெயரும் பழைய பதிவு எண்ணும் யாருடையது என்பது மூன்றாவது. இவை தீர்ந்த பிறகு, பழைய நிர்வாகிகள் எவரும் போட்டியிடாத ஓராண்டு இடைக்காலக் குழு அமைத்தால், தேர்தலை அந்தக் குழு நடத்தலாம்.